ஏசுவதற்கு ஓர் ஆள்

எங்கள் கரிசல் காட்டில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடிக்க, பஞ்சாயத்துக் குழாயில் வருவதுதான். அதற்கு வால்வு திறக்கும் அண்ணாச்சியை ஊரிலேயே அதிகம் ஏசியவள் நான். தண்ணீர் கொஞ்சம் பிந்தினாலும் காலிக் குடத்தோடு பஞ்சாயத்துத் தலைவி வீட்டு வாசலில் போய் நிற்பேன். அவர் எனக்கு டீ கொடுத்துவிட்டு அண்ணாச்சிக்குப் போன் போடுவார்.

போன கிராம சபையில், தண்ணீர் விடுவதை ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. குறை இருந்தால் கூப்பிடலாம் என்று கம்பெனிக்காரர் ஒரு நம்பர் தந்தார். அங்கேயே போட்டுப் பார்த்தேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. எனக்கு வந்ததே கோபம்!

"இதப் போயி என்னன்னு ஏச? எங்க அண்ணாச்சிய ஏசுனா அவிய ரெண்டு வார்த்த திருப்பி ஏசுவாவ. ஆனா தண்ணி வந்துரும். பஞ்சாயத்தே நடத்தட்டும்" என்றேன். கூட்டமே கை தூக்கியது.

மறுநாளே தண்ணீர் வரவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தெருமுனையிலேயே அண்ணாச்சி காத்து நின்றார்.

"மோட்டாரு ஓடல தங்கச்சி. இங்கனயே ஏசிட்டுப் போ. தலைவி வீட்லயும் தண்ணி இல்ல, டீ கிடைக்காது."