தவளைகளுக்கு விழுந்த ஓட்டு

தைவானில் எங்கள் ஜியாயி ஊர்ப் பள்ளியில் ஜியென் ஷு-ஹுவேயைப் போல வாயால் கெட்டவர் வேறொருவர் கிடையாது. உயிரியல் டீச்சர். நான் விளையாட்டு மாஸ்டர்; அவருக்குப் பக்கத்து மேஜை. அதனால் அவர் புலம்பலில் பாதி என் காதில்தான் விழும். "மனப்பாடம் பண்ணி மார்க் வாங்குறதுக்குப் பேரு உயிரியலா? உயிரைப் பத்தி யோசிக்க வேண்டாமா?" என்பார். பாடப்புத்தகத்தின் கடைசியில், உயிர்களை நாம் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று ஒன்றரைப் பக்கம் இருக்கும். பரீட்சைக்கு வராததால் எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள். ஜியென் அங்கேதான் கூடாரம் அடிப்பார்.

அப்படித்தான் ஒருநாள் சந்தையிலிருந்து ஒரு வாளி காளைத் தவளை வாங்கி வந்தார். ஒவ்வொன்றும் தடித்தடியாக, உள்ளங்கைக்கு அடங்காது. "அறுக்கலாமா கூடாதா, நீங்களே ஓட்டுப் போடுங்க. நீங்க சொல்றதுதான் சட்டம்" என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துத் தொலைத்தார்.

"உங்களுக்கு இது தேவையா, டீச்சர்?" என்றேன்.

"நீங்க போய் விசில் ஊதுங்க, மாஸ்டர்."

முதல் பெஞ்ச் மியாவ்-ஜென் சுத்த சைவம். வீட்டில் பூண்டுகூடக் கிடையாது. அவள் எழுந்து அழுதுகொண்டே பேசியதில் வகுப்பே உருகி, அறுக்கக்கூடாது என்று கை தூக்கிவிட்டது. சரி, தவளைகளை என்ன செய்வது? சந்தைக்குத் திரும்பினால் சட்டிதான். பிள்ளைகள் ஜியெனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாளியைத் தூக்கிப் போய், ஊதுபத்தி கொளுத்திக் கும்பிட்டு, கோயில் குளத்தில் விட்டுவிட்டார்கள். உயிரை விடுவித்தால் புண்ணியமாம். பரீட்சை நெருங்கினால் எங்கள் ஊரில் புண்ணியத்துக்குக் கிராக்கி அதிகம்.

ஐயோ, அந்தப் புண்ணியம்! காளைத் தவளை என்ன உண்ணாவிரதமா இருக்கும்? அந்தக் குளத்தில் விரல் நுனி அளவுச் சின்னத் தவளைகள் மழைக்கு மழை கச்சேரி வைக்கும். கொஞ்ச நாளில் அந்தச் சத்தமே அடங்கிவிட்டது. இந்தத் தடியன்கள் மட்டும் உறுமின. கோயில்காரர் பள்ளிக்கே வந்து கத்தினார். பெற்றோரில் பாதிப் பேர், பிள்ளைகள் கையில் கத்தி கொடுக்கப் பார்த்தாளே என்று சண்டை. மீதிப் பேர், கொடுக்காமல் விட்டாளே, பரீட்சைக்கு என்ன ஆகும் என்று சண்டை.

தலைமையாசிரியர் ஓயாங் கூப்பிட்டுச் சொன்னார்: "குளத்தைச் சுத்தம் பண்ணிக் குடுங்க. அதோட அந்த ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு முழுக்குப் போடுங்க."

அன்று ஜியென் டீயைக்கூடத் தொடவில்லை. அந்தப் பாடத்துக்காகவே வேலைக்கு வருகிறவர்.

மறுநாள் பிள்ளைகளோடு வலையெடுத்துக் குளத்தில் இறங்கினார். நானும் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு போய், சேற்றில் விழுந்து என் மானத்தை நானே வாங்கிக்கொண்டேன். பிடித்த தவளைகளை ஆய்வகத்துக்குக் கொண்டு வந்தோம்.

"இப்போ என்ன பண்ணலாம்? ஓட்டுப் போடுங்க," என்றார் ஜியென்.

ஒரு கைகூட எழவில்லை. வேறெங்கே விட்டாலும் அங்கேயும் இதே கதைதான்; அவரே மயக்க மருந்து கலந்த தண்ணீரில் அவற்றை விட்டு, வலிக்காமல் முடித்தார். பிறகு, "வயித்துல என்ன இருக்குன்னு பாக்கணும். யாரு வர்றீங்க?" என்றார்.

மியாவ்-ஜென் கத்தியை வாங்கினாள். உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன, பாதி கரைந்த சின்னத் தவளைகள். வேலை முடிந்ததா என்று பார்க்க வந்த ஓயாங் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"டீச்சர், இதுங்ககிட்ட நாம ஓட்டே கேக்கலையே," என்றாள் அவள்.

ஜியென் அந்தச் சின்னத் தவளைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் வரிசையாக வைத்தார். ஓயாங் உள்ளே வந்து தட்டைப் பார்த்தார்.

"அந்த ஒன்றரைப் பக்கத்துக்கு அடுத்த வகுப்பு என்னிக்கு, டீச்சர்?"