முகத்துவாரம் வெட்டிய நாளில் வேலையில்லாதவர்களைத் தேடினேன்

கார்த்திகைக் கடைசியில் மட்டக்களப்புக்குப் போகாதீர்கள் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் சென்ற மாரியில் நான் போனேன். காரணம், இந்தத் தளத்தில் நான் போட்ட ஒரு வரைபு.

கொழும்பில் தரவுகளோடு மாரடிக்கிற உத்தியோகம் எனக்கு. நாட்டின் வேலையின்மை வீதத்தை அழகான ஒரு கோடாக வரைந்து போட்டிருந்தேன். அதற்குக் கீழே பிரதீபன் ஒரு வரி எழுதினான்: "மச்சான், இதில நான் எந்தப் பெட்டிக்குள்ள இரிக்கன்?"

பிரதீபன் என்னோடு தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவன். கட்டடத்துறை டிப்ளோமா. படித்த துறையில் வேலை கிடைக்கவில்லை. வவுணதீவில் மனைவி கஜனியின் வீட்டில் இருந்துகொண்டு, அவளுக்குச் சீதனமாக வந்த மூன்று ஏக்கரில் வேளாண்மை செய்கிறான். அந்தப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது.

நான் விதியை அப்படியே எழுதினேன். கடந்த ஏழு நாட்களில் சம்பளத்துக்கோ, லாபத்துக்கோ, குடும்பத் தொழிலுக்கோ ஒரு மணித்தியாலம் வேலை செய்திருந்தால் நீ வேலையுள்ளவன். அவ்வளவுதான். அவன் பதிலுக்கு ஒரு படம் அனுப்பினான். வயலைக் காணவில்லை, தண்ணீர் மட்டும் இருந்தது. கூடவே ஒரு செய்தி: "கட்டார் விசா வந்திட்டு. வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள்ள ஏஜென்சிக்கு முடிவு சொல்லணும். பயிர் எழும்பினா நிக்கிறன், இல்லாட்டிப் போறன். நீ வந்து எண்ணிப் பார்."

செவ்வாய்க்கிழமை காலை மட்டக்களப்பில் இறங்கினேன். தண்டவாளத்தில் வெள்ளம் என்பதால் ரயில் இல்லை. குளிரூட்டிய பஸ்ஸில் மூவாயிரம் ரூபாயை ஒட்டி எடுத்தார்கள். ஏறத்தாழ முந்நூறு கிலோமீற்றர், வழக்கத்தைவிட இரண்டு மணித்தியாலம் கூடுதல். நகரத்திலிருந்து வவுணதீவு ஏழு கிலோமீற்றர்தான். ஓட்டோவில் கால் மணித்தியாலத்தில் போய்விடலாம். அன்றைக்கு வலையிறவுப் பாலம் மட்டும் தெரிந்தது. பாலத்துக்கு அங்கால் வீதி வாவிக்குள் போய்விட்டது.

உழவு மெசின், அதாவது டிராக்டரின் பெட்டியில்தான் ஆட்களை ஏற்றி இறக்கினார்கள். எவ்வளவு என்று கேட்டேன்.

"காசு தேவல்ல மனே, ஏறு. அந்தப் பால்மாப் பெட்டியப் புடி, நனையாம" என்றார் ஓட்டுநர்.

எனக்குப் பொறுமை குறைவு. அங்கேயே என் கேள்வியைக் கேட்டுவிட்டேன். கடந்த ஏழு நாளில் ஒரு மணித்தியாலமாவது சம்பளத்துக்கோ லாபத்துக்கோ வேலை செய்தீர்களா?

"நாலு நாளா இந்த மெசினால நான் எறங்கல்ல. சம்பளந்தான் ஆரும் தரல்ல."

"டீசல் அடிச்சுத் தாறம்தானே" என்றாள் பெட்டிக்குள் இருந்த ஒருத்தி.

"டீசலக் கொண்டு போய்ப் பொண்டாட்டிட்டக் குடுத்தா கறி ஆக்குவாளாகா?"

பெட்டி முழுக்கச் சிரிப்பு. நான் மட்டும் மனதுக்குள் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். இந்த நாலு நாள் ஓட்டம் சம்பளமில்லாத உதவி, ஆகவே விதிப்படி வேலையல்ல. வேறு வேலை தேடவும் இவருக்கு நேரமில்லை. தேடாதவன் வேலையற்றவனும் இல்லை. அதற்கு முன்னைய மூன்று நாளில் எங்காவது ஒரு மணித்தியாலம் உழுதிருந்தால் வேலையுள்ளவர், இல்லாவிட்டால் கணக்கிலேயே இல்லை. இடுப்பளவு தண்ணீரில் ஊரையே இழுத்துக்கொண்டு போகிற மனிதர்.

கஜனி பட்டதாரி. அரச நியமனத்துக்காக எழுதாத பரீட்சை இல்லை. இரண்டு வருடமாக எதற்கும் விண்ணப்பிக்கவில்லை. ஆகவே அவளும் வேலையற்றவர் பட்டியலில் வரமாட்டாள் என்று அவர்கள் வீட்டில் தேத்தண்ணியைக் குடித்தபடி விளக்கினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"உங்கட பட்டியல் கிடக்கட்டும். அந்த மண்வெட்டிய எடுங்க. ஒரு வயலுக்கு ஒரு ஆளாவது வரணுமாம்."

வட்டை என்றால் வயல்கள் பல சேர்ந்த ஒரு பரப்பு. அதன் தண்ணீர்ப் பாடுகளைப் பார்க்க விவசாயிகள் தெரிந்தெடுக்கிறவர் வட்டவிதானை. வாவி நிரம்பி வயலுக்குள் ஏறினால், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் அடைத்துக் கிடக்கிற மணல்மேட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடவேண்டும். அதுதான் முகத்துவாரம் வெட்டுவது. அனுமதி அன்று காலை வந்திருந்தது. வட்டவிதானை வீடு வீடாக ஆள் அனுப்பியிருந்தார்.

பிரதீபனோடு திரும்பவும் மெசின், பிறகு லொறி. நகரத்துக்கு வடக்கே ஐந்து கிலோமீற்றர் வரும், வெளிச்சவீட்டுப் பக்கம். போய் இறங்கினோம். ஒரு பக்கம் கடல் பொங்கிக்கொண்டிருந்தது. மறுபக்கம் வாவி, மண்ணிறமாக, அசையாமல், கடலைவிட உயரத்தில் நின்றது. நடுவில் ஒரு மணல் வரம்பு. அதில் நூற்றுக்கணக்கான ஆட்கள். பெக்கோ என்கிற மண் தோண்டும் இயந்திரம் ஒன்று வாவிப் பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு வந்தது. ஈர மணலில் அது புதையத் தொடங்கியதும் மண்வெட்டிகள் இறங்கின.

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு சில மீனவர்களும் நின்றார்கள். அதில் ஒருவர் வட்டவிதானையைப் பார்த்து, "உங்கட நெல்லக் காப்பாத்த எங்கட இறாலக் கடலுக்கு அனுப்புறீங்க, என்ன?" என்றார்.

"அது மறுகா வரும் மச்சான். இறாலுக்கு விசா தேவல்ல" என்றார் வட்டவிதானை. எனக்குப் பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்த பிரதீபன் சிரிக்கவில்லை.

கடல் வத்தும் நேரம் பார்த்துக் கடைசி மணலை உடைத்தார்கள். முதலில் ஒரு முழ அகலத்தில் ஒரு ஓடை, சின்னப் பிள்ளைகள் விளையாட வெட்டியது போல. இவ்வளவுதானா என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் அது லொறி போகிற அகலமாகிவிட்டது. கரை மணல் பாளம் பாளமாகப் பிளந்து விழுந்தது. எல்லாரும் பின்னால் ஓடினோம். ஒரு மணித்தியாலத்தில் அது ஆறு. காதுக்குள் இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, இன்னும் எத்தனையோ ஊர் வயல்களின் தண்ணீர் ஒரே வாயால் கடலுக்குள் பாய்ந்தது. நீலத்துக்குள் மண்ணிறம் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்துகொண்டே போனது. நீரியக்கவியல் படித்திருக்கிறேன், சமன்பாடு தெரியும். அது அங்கே எனக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. வாயைத் திறந்துகொண்டு நின்றேன். சற்று முன் முறையிட்ட மீனவர் அந்த ஓரத்திலேயே வலை எறிந்து, மடி நிறைய இழுத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கூட்டத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்த்தேன். சொந்த வயலுக்கு வந்தவன் வேலையுள்ளவன். அண்ணனின் வயலுக்காக வந்தவனும் வேலையுள்ளவன், அவன் வாழ்க்கையில் சம்பளமே வாங்கியிராவிட்டாலும். சோறு கட்டிக்கொண்டு வந்த பெண்கள் கணக்கில் இல்லை. கட்டாரில் நிற்கிறவர்கள் அங்கே இல்லாததால் எதிலும் இல்லை. வேலையற்றவர் என்று எழுத எனக்கு ஒரு ஆள்கூட அகப்படவில்லை. இவர்களில் பாதிப்பேர் மாதச் சம்பளத்துக்கு ஒரு இடம் கிடைத்தால் நாளைக்கே போவார்கள்.

ஆகவே, அரசாங்கத்தின் எண் பொய்யா? இல்லை. கேட்ட கேள்விக்கு அது சரியான விடை. ஆனால் அதை வைத்து நாட்டில் வேலை தாராளமாகக் கிடக்கிறது என்று சொல்கிறவன், நான் உட்பட, மடையன். எத்தனை மணித்தியாலம் செய்தார்கள், என்ன கிடைத்தது, எத்தனை பேர் தேடி அலுத்து விட்டார்கள், எத்தனை பேர் விமானம் ஏறினார்கள், இவையும் பக்கத்தில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஊர் வெறுமையாக வெறுமையாக என் கோடு இன்னும் அழகாக இறங்கும்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். சும்மா சுற்றிப் பார்க்க என்றால் மாசிக்குப் பிறகு போங்கள். மாரியில்தான் போவேன் என்றால் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், நகரத்திலேயே அறை எடுங்கள், சப்பாத்து வேண்டாம், றப்பர் செருப்புப் போதும். முகத்துவாரம் வெட்டும் நாள் முன்கூட்டித் தெரியாது. வெட்டினால் கரை ஓரத்தில் நின்று படம் எடுக்காதீர்கள், நிற்கிற மணல் உங்களோடு சேர்ந்துதான் போகும்.

புதன், வியாழன் இரண்டு நாளும் தண்ணீர் இறங்கியது. வியாழக்கிழமை காலை வரம்பில் நின்று பார்த்தோம். சேற்றுத் தண்ணீருக்கு மேலே பச்சை நுனிகள், முதலில் இங்கொன்று அங்கொன்று, மத்தியானம் ஆக ஆக வயல் நிறைய. நான் சந்தோசத்தில் பிரதீபனின் முதுகில் அடித்தேன். அவன் கீழ்ப்பக்கத்தைக் காட்டினான். அங்கே ஒரு ஏக்கர் அழுகி மணத்தது.

"போறதுக்கும் காரணம் இரிக்கு, நிக்கிறதுக்கும் காரணம் இரிக்கு" என்றான். "என்ன மச்சான் செய்ய?"

முகத்துவாரம் வெட்டிவிட்டு வந்த அன்று பின்னேரமே கஜனி மூன்று மாதத்தில் விளைகிற விதைநெல்லை ஊறப்போட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அழுகியதை வாரி எறிந்து, மட்டம் தட்டி, பிரதீபன் சேற்றில் இறங்கி முளைநெல்லை வீசினான். நான் நெல் நிறைந்த கடகப் பெட்டியைத் தூக்கினேன். கஜனி அவனுடைய போனோடு வரம்பில் இருந்தாள். அது அடித்தது.

"ஹலோ. ஓம், அவர்ட போன்தான்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அவர் வேலையில நிக்கிறார். இல்ல, மறுகாவும் ஏலா. நீங்க வேற ஆளப் பாருங்க."

பிரதீபனின் கை பாதியில் நின்றது. "ஆர்ட்டக் கேட்டுச் சொன்ன நீ?"

"என்ட வயல். கூலிக்கு ஆள் தேடினா இந்த ஊரில ஆர் இரிக்கா? எல்லாரும் கட்டார்லதானே." போனை மடிக்குள் வைத்தாள். "சேறு இறுகுது. எறிங்க."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு என் கடகத்திலிருந்து ஒரு கை நெல்லை அள்ளி, முன்னைவிடத் தூரமாக வீசினான்.