பெடலிலிருந்து எடுத்த கால்

பத்தாயிரம் மீட்டர் என்றால் இருபத்தைந்து சுற்று. டிவியில் அதை முழுசாகக் காட்டுவதே இல்லை. நடுவில் ஈட்டி எறிதலுக்குப் போவார்கள், விளம்பரம் போடுவார்கள், கடைசி இரண்டு சுற்றுக்குத் திரும்பி வருவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓடுகிறவளுக்கு உயிர் போவதே அந்த நடுவில்தானே!

ஒரு காலத்தில் ஒலிம்பிக்கில் இந்த ஓட்டம் பின்லாந்துக்காரர்கள் கையில் இருந்தது. அப்புறம் எத்தியோப்பியாவும் கென்யாவும் வந்து எல்லாரையும் ஓரங்கட்டின. பெண்களை மட்டும் வெகுகாலம் உள்ளேயே விடவில்லை. ஆண்கள் ஓட ஆரம்பித்து எத்தனையோ தலைமுறை கழித்துத்தான் எங்களுக்கு அந்தத் தூரம் கிடைத்தது. பெண் உடம்பு தாங்காதாம். ஆம்பூர் பக்கம் ஏதாவது ஒரு ஷூ கம்பெனியில் ஒரு ஷிஃப்ட் நின்று பார்த்திருந்தால் அப்படிப் பேச வாய் வந்திருக்குமா?

அப்படி ஒரு கம்பெனியில்தான் நான் தையல் மிஷினில் உட்காருகிறேன். ஷூவின் மேல்தோலைத் தைக்கிற வேலை. நான் ஓடிக்கொண்டிருந்த நாளில் விடியும் முன் பாலாற்று மணலில் ஓட்டம், பிறகு கம்பெனி வேன், சாயங்காலம் மறுபடி ஓட்டம். பள்ளிக்கூடத்தில் எனக்கு பி.டி. மாஸ்டராக இருந்தவரே கோச். பசியும் தூக்கமும் ஒன்றாக வரும். சோற்றுத் தட்டின் முன்னாலேயே தூங்கிப் போயிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் உடம்பு வலிக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் ஆசியப் போட்டி ஒன்றுக்கு ஆள் எடுக்கிற ஓட்டம் சென்னையில் நடந்தது. முதலில் வரும் இரண்டு பேர்தான் இந்தியாவுக்கு ஓடப் போவார்கள். எனக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. இதை விட்டால் இன்னொன்று இல்லை என்று எனக்கும் தெரியும், கோச்சுக்கும் தெரியும். அன்றைக்குப் பார்த்து நல்ல வெயில். பாதிக்கு மேல் எத்தனை சுற்று என்பதே மறந்துவிட்டது. முன்னால் போனவளை எட்டவே முடியாது. இரண்டாவது நான். எனக்குக் கொஞ்சம் பின்னால் மலைப்பக்கத்துப் பெண் ஒருத்தி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள்.

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தார்கள்.

உலகத்தில் எந்த ஓட்டக்காரிக்கும் அந்த மணி, இருப்பதையெல்லாம் கொட்டி ஓடு என்று சொல்வது. எங்கள் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து மணி அடித்தால் மிஷின் பெடலிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் சூப்பர்வைசர் கத்துவார்: “காதுல இன்னா அடைச்சிருக்கு? மிஷினை நிறுத்தும்மா!” வருஷக்கணக்காகப் பழகின கால். மணி கேட்டதும் தானாக நின்றது. தோள் தொங்கிவிட்டது, கை இடுப்புக்குப் போனது. அப்பாடா, முடிந்தது என்றே நினைத்தேன். அவ்வளவு சுகமாக இருந்தது.

“ஓடும்மா! இன்னொரு ரவுண்டு இருக்கும்மா!” என்று கம்பிக்கு வெளியே கோச் கத்தினார். அதற்குள் மலைப்பக்கத்துப் பெண் என்னைத் தாண்டிவிட்டாள். துரத்தித்தான் பார்த்தேன். ஒருமுறை நின்ற கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மூன்றாவதாக வந்தேன்.

“கால் புடிச்சிக்கிச்சாம்மா?” என்று கோச் ஓடி வந்தார்.

“மணி அடிச்சிச்சே சார்,” என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு அவர் திட்டவில்லை. என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஆசியப் போட்டி நடந்த அன்று, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பக்கத்து மிஷின்காரி கேன்டீனில் வைத்துப் போனில் அதைப் போட்டாள். மலைப்பக்கத்துப் பெண் ஆரம்பத்திலேயே பின்தங்கிவிட்டாள். ஜப்பான்காரிகள் ஒரு முழுச் சுற்று சுற்றிவந்து அவளைத் தாண்டிப் போனார்கள். எல்லாரும் முடித்துவிட்டுக் கொடியைப் போர்த்திக்கொண்டு நிற்க, இவள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தாள்.

“இவளா உன்ன முந்துனவ? கடைசியா வர்றாளே!” என்றாள் பக்கத்து மிஷின்காரி. “நல்ல வேளை, நீ போவல. போயிருந்தா உனக்குத்தான் பேஜாரு.”

ஆறுதலுக்காகத்தான் சொன்னாள், பாவம்.

“சும்மா இருடீ,” என்றேன். “அந்தக் கடைசி எடம் என்னுது.”