ரிக் வண்டியை விட்டு வாத்தியாரானேன்

வாத்தியார் வேலையில் சம்பளத்துக்கு முன்னால் வந்து சேர்வது பயம்தான். நடுவயதில் வேறு தொழிலை விட்டு இதற்குள் நுழைந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை; உங்களுக்கும் உள்ளங்கை வியர்த்திருக்கும்.

கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் மேனேஜராகப் பன்னிரண்டு வருஷம் ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டவன் நான். ஒருநாள் இரும்புக் குழாய் ஒன்று சரிந்து, என் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அத்தோடு இறங்கிவிட்டேன். பி.எட். இரண்டு வருஷம், பிறகு தகுதித் தேர்வு, நிரந்தர வேலை வரும்வரை தற்காலிகப் பணி என்று ஒரு சுற்றுவழி இருப்பதாகச் சொன்னார்கள். முப்பத்தெட்டு வயதில் அதில் கால் வைத்தேன்.

காது கேட்கும்

பயிற்சிக்கு எருமப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். ஏழாம் வகுப்பு, பின்னம். கடைசி பெஞ்சில் எனக்கு மதிப்பெண் போட ஒரு ஆசிரியை நோட்டோடு உட்கார்ந்திருந்தார். கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் எழுத வந்தது மறந்துபோயிற்று. சாக்பீஸ் இரண்டு தடவை ஒடிந்தது.

பயத்தை மறைக்க வாயைத் திறந்தேன். கம்ப்ரஸர் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை அல்லவா? “அரையும் காலும் சேர்ந்தா எவ்வளவு?” என்றதும் பக்கத்து வகுப்பே அடங்கிவிட்டது. முன்வரிசையில் ஒரு சிறுமி அழத் தொடங்கினாள். அவள் பக்கத்தில் இருந்தவள் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: “சார், எங்களுக்கெல்லாம் காது நல்லாக் கேக்குமுங்க.”

ஒரு வட்டம் தள்ளி

தகுதித் தேர்வுக்கு சேலம் அஸ்தம்பட்டியில் மையம். என்னைச் சுற்றிலும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகள். தொண்ணூறாவது கேள்விக்கு விடை வட்டத்தைக் கறுப்பாக்கப் போனபோதுதான் கவனித்தேன், எண்பத்தொன்பதாவது வரிசை இன்னும் காலியாக இருந்தது. அறுபத்திரண்டாவது கேள்வி தெரியாது என்று விட்டவன், விடைத்தாளில் அந்த இடத்தை விட மறந்து, அறுபத்துமூன்றாவதின் விடையை அறுபத்திரண்டில் போட்டதில் தொடங்கி, எல்லாவற்றையும் ஒரு வட்டம் தள்ளியே நிரப்பியிருந்தேன். பேனா மை அழியாது. இரண்டு வருஷப் படிப்பு அந்தத் தாளில் கோணலாகக் கிடந்தது.

வாசலில் ஸ்கூட்டரோடு நின்ற என் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் வண்டியைக் கிளப்பினாள். “ஏறுங்க. அடுத்த தடவை அறுபத்திரண்டாவது கேள்வியை மட்டும் விட்டுப்போடாதீங்க.”

வாய்க்கால் கரையில்

அடுத்த தடவை தேறினேன். பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் தற்காலிகப் பணி. ஒருநாள் காலை, எட்டாம் வகுப்பில், “மதியம் டெஸ்ட்” என்று அறிவித்தேன். மதியம் பேர் கூப்பிட்டபோது தாரணி என்ற சிறுமியைக் காணோம். பை பெஞ்சில் இருந்தது. பள்ளிக்குப் பின்னால் வாய்க்கால். அன்றைக்குக் கரை தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு ஓடினேன். கரையில் ஒரு ஜோடி சின்னச் செருப்பு. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அந்த வருஷம் முழுக்க உரக்கப் பேசக் கூடாது என்று அடக்கி வைத்திருந்த குரலெல்லாம் வெளியே வந்தது.

“ஏனுங்க?” என்று பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலுக்குள்ளிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். அவர் முதுகுக்குப் பின்னால் தாரணி. கொடிக்காலுக்குள் யாரும் செருப்போடு போக மாட்டார்கள் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. டெஸ்டுக்குப் பயந்து, சாப்பாட்டு மணி அடித்ததும் அங்கே வேலை செய்யும் அம்மாவிடம் ஓடி வந்திருக்கிறாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த அம்மா என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொம்பை நீட்டினார்: “உங்களுக்குப் பயந்து இவ ஓடியாந்துட்டா, இவளுக்குப் பயந்து நீங்க ஓடியாந்துட்டீங்க. ரெண்டு பேரும் தண்ணி குடிச்சுப்போட்டுப் பள்ளிக்கூடம் போங்க சாமி.”

பயம் போன பிறகு பாடம் நடத்தலாம் என்று காத்திருந்தால், நம்மைப் போன்றவர்கள் ஓய்வுபெறும் நாளில்தான் முதல் வகுப்புக்குள் நுழைவோம்.