உச்சி வெயிலில் எடுத்த படம்

கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உமாதேவி இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். ஊசி குத்தியதே தெரியாது என்று அவளைத் தேடி வருகிறவர்கள் உண்டு. கூட்டம் இருந்தாலும், "நர்சம்மா வரட்டும், நான் இருக்கேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். அவள் நர்சுக்குப் படித்தவள் இல்லை. ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

அவள் கைக்குக் கேமரா வந்தது ஐம்பத்தோராவது வயதில். மகள் முத்துச்செல்வி கல்லூரியில் படிக்கும்போது வாங்கியது அது. படிப்பு முடிந்து கோயம்புத்தூரில் வேலைக்குப் போனவள், அதை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் துடைக்கும்போது உமாதேவி அதை எடுத்துச் சார்ஜ் போட்டு, மொட்டை மாடிக்குக் கொண்டுபோனாள். பக்கத்து வீட்டு முருங்கைப் பூவில் ஒரு தேன்சிட்டு தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தால் முருங்கை இலை நரம்பு நரம்பாகத் தெரிந்தது. சிட்டு இருந்த இடத்தில் ஒரு நீலக் கறைதான் இருந்தது.

மகளைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, குருவி மட்டும் கலங்கித் தெரியுது. என் கை ஆடல. அது எனக்குத் தெரியும்."

"உன் கை ஆடலம்மா, குருவி ஆடுது. ஷட்டர் வேகத்தைக் கூட்டு. ஆயிரத்துக்கு மேல வையி."

அப்படித்தான் ஆரம்பித்தது. யூடியூப்பில் தமிழில் சொல்லிக்கொடுக்கிறவர்களைத் தேடிப் பிடித்தாள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஷட்டர், அப்பர்ச்சர், ஐ.எஸ்.ஓ. மூன்றும் ஒன்றையொன்று எப்படி இழுக்கும் என்று பழைய ரிப்போர்ட் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டாள். மூன்று மாதத்தில் காக்கையின் கண்ணுக்குள் வெளிச்சம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தாள். கணவர் ஹரிகிருஷ்ணன் ஒரு அச்சகத்தில் காலண்டருக்கும் தீப்பெட்டி லேபிளுக்கும் வடிவமைப்புச் செய்கிறவர். தினமும் நூறு படங்களைப் பார்க்கிற மனிதர் அந்தக் காக்கையை இரண்டு தடவை பார்த்தார். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டு சங்கடங்கள் இருந்தன. ஒன்று, அவளிடம் இருந்த லென்ஸ் பறவைகளுக்குப் போதாது. தூரத்தில் இருக்கும் பறவை படத்தில் கடுகு அளவுதான் விழும். கிட்டே போனால்தான் உண்டு. இன்னொன்று, நேரம். காலை வெளிச்சத்தில் எடுங்கள் என்றுதான் எல்லா வீடியோவிலும் சொன்னார்கள். அவளுக்கோ ஞாயிற்றுக்கிழமையும் வெறும் வயிற்று ரத்தம் கொடுக்க வருகிறவர்களை முடித்துவிட்டு வெளியே வர ஒன்பதரை ஆகிவிடும். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு எட்டயபுரம் தாண்டி, எப்போதும்வென்றான் ஊருக்குப் போகிற வழியில் தரிசுக்காட்டில் இறங்கும்போது வெயில் ஏறியிருக்கும்.

அங்கேதான் கொம்பையாவைப் பார்த்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆடு மேய்க்கிறவர். மூன்று மாதத்துக்கு ஒருதரம் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க வருவதால் ஏற்கெனவே தெரிந்த முகம்.

"நர்சம்மா இங்கன என்ன செய்யுதீங்க?"

கேமராவைக் காட்டினாள். அவர் சிரித்தார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எந்தப் பக்கம் கௌதாரி இருக்கிறது, எந்த உடைமரத்தில் கரிச்சான் உட்காரும் என்று அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

மே மாதம் முதல் ஞாயிறு அன்று, "ஒன்னு காட்டுதேன், வாங்க" என்று கூட்டிப் போனார். உளுந்து எடுத்து முடிந்த நிலம், வெடித்துக் கிடந்தது. ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல் சிதறிய மேடு. ஒரு ஆக்காட்டிக் குருவி, மூக்கோரம் மஞ்சள் தொங்கலோடு, கத்திக்கொண்டே தள்ளி ஓடியது.

"எங்கன?" என்றாள்.

"உங்க காலுக்கு நாலடியில."

நன்றாகக் குனிந்த பிறகுதான் தெரிந்தது. கூடு என்று ஒன்றும் இல்லை. மண்ணில் ஒரு சின்னக் குழி, அதில் நான்கு முட்டைகள், கூர்முனை உள்ளே பார்க்க வைத்த மாதிரி. மண் நிறத்தில் கறுப்புத் திட்டுகள்.

"பத்து நாளா ஆட்டை இந்தப் பக்கம் விடாம, ஓடை வழியா சுத்தி ஓட்டுதேன். பாத்தாச்சுல்லா, வாங்க போவோம். நாம நின்னா அது வராது. இந்த வெயிலுக்கு அது வந்து நெழலா நிக்கணும். இல்லன்னா முட்டை வெந்துரும்."

ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு அவரோடு திரும்பினாள். வரும்போது அவர், அடுத்த ஞாயிறு ஓட்டப்பிடாரத்தில் மச்சான் வீட்டில் ஒரு விசேஷம், வரமாட்டேன் என்று சொன்னார்.

அடுத்த ஞாயிறு அவள் தனியாகப் போனாள். அவர் இருக்கமாட்டார் என்பதால்தான் போனாயா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறாள்.

மேட்டுக்குப் பதினைந்தடி தள்ளி ஒரு உடைமரம் இருந்தது. அதன் நிழலில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். பறவை எழுந்து ஓடியது. கொஞ்ச நேரத்தில் பழகி வந்துவிடும் என்று நினைத்தாள். வரவில்லை. அரை வட்டமாக ஓடும், நிற்கும், கத்தும், முட்டைக்கு இரண்டடி வரை வந்து அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடும். ஒவ்வொரு தடவையும் ஒரு நல்ல படம் கிடைத்தது. அடுத்தது இதைவிட நன்றாக இருக்கும் என்று தோன்றியது. இன்னும் ஐந்து நிமிஷம், இன்னும் ஐந்து நிமிஷம் என்று இருந்தாள். நடுவில் ஒருதரம் கையை ஊன்றியபோது நிழலுக்கு வெளியே மண்ணில் பட்டது. சுட்டுவிட்டது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மறுபடி கேமராவைத் தூக்கினாள். ரத்தம் எடுத்த குழாய்களை வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள், கெட்டுப்போகும் என்று கூடத்தில் தினமும் மற்றவர்களைக் கண்டிக்கிறவள் அவள்.

கடைசியில் அந்தப் படம் வந்தது. முட்டைகள் முன்னால் இருக்க, பறவை இறக்கையைப் பாதி விரித்து, வாயைப் பிளந்துகொண்டு நேராக அவளைப் பார்த்தது. அதன் கண் அவ்வளவு துல்லியமாக விழுந்திருந்தது. எழுந்து வண்டிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தாள். பறவை ஓடிவந்து முட்டைகளுக்கு மேல் காலை நிமிர்த்தி நின்றுகொண்டது. பரவாயில்லை, வந்துவிட்டது என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தாள்.

பறவைப் படம் எடுக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் அவள் இருந்தாள். அன்று சாயங்காலம் படத்தைப் போட்டதும் பாராட்டு குவிந்தது. 'தாய்மை' என்று ஒருவர் எழுதினார். எல்லோரும் அதையே திருப்பி எழுதினார்கள். ஹரிகிருஷ்ணன் அதை அச்சகத்தில் காட்ட, தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கும் பூவனலிங்கம் அண்ணாச்சி, வருகிற வருஷக் காலண்டருக்கு இதைத்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஜூன் கடைசியில் கொம்பையா ரத்தம் கொடுக்க வந்தார். கையை நீட்டிக்கொண்டே சொன்னார்.

"அந்த ஆக்காட்டி இன்னும் ஒக்காந்திருக்கு நர்சம்மா. நான் பாத்தே அம்பது அறுவது நாளாச்சு. ஒரு மாசத்துல பொரிச்சிரும். இது பொரிக்கல. உள்ள செத்துப்போச்சு போல. அதுக்கு அது தெரியல."

உமாதேவி ஊசியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க நாய்தான் காரணம். நான் விசேஷத்துக்குப் போன அன்னைக்கு வீட்டுல அவுத்து விட்டுட்டாவ. அங்கன போயி நின்னு குருவியை எழுப்பி விட்டிருக்கும். ஆத்திரத்துல கம்பால நாலு போடு போட்டேன். இப்ப மச்சான் வீட்டுல கொண்டுபோயி கட்டிட்டேன்."

அன்று அவள் ஊசி குத்தியது அவருக்கு வலித்தது. அவர் முகம் சுளித்ததைப் பார்த்தாள். பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்து அந்த நாள் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் வரிசையாகத் திறந்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு படங்கள். ஒவ்வொன்றிலும் எடுத்த நேரம் பதிவாகியிருந்தது. முதல் படம் பத்து முப்பத்தாறு. கடைசிப் படம் பன்னிரண்டு இருபத்தொன்று. ஐம்பத்து மூன்றாவது படத்தில் பறவை வெயில் தாங்காமல் முதல்தடவையாக வாயைப் பிளந்திருந்தது. அப்போது மணி பத்து ஐம்பது. அங்கேயே எழுந்திருந்தால் ஒருவேளை முட்டைகள் பிழைத்திருக்கும். அதற்குப் பிறகு ஐந்நூற்று ஐம்பத்தொன்பது படங்கள் எடுத்திருக்கிறாள்.

அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தாள். சாலையிலேயே நின்றுகொண்டாள். பறவை மேட்டில் உட்கார்ந்திருந்தது. அதற்கடுத்த வாரம் பறவை இல்லை. முட்டைகள் மட்டும் இருந்தன. ஒன்றில் எறும்பு ஏறியிருந்தது.

இதை யாரிடமும் சொல்லவில்லை. செப்டம்பரில் ஹரிகிருஷ்ணன் காலண்டரின் மாதிரியைக் கொண்டுவந்து காட்டினார். படத்துக்குக் கீழே 'தாயன்பு' என்று போட்டிருந்தது.

"வேற படம் போடலாமே. மயில் படம் நல்லா இருக்குல்லா," என்றாள்.

"அண்ணாச்சிக்கு இதுதான் பிடிச்சிருக்கு. உனக்கு என்ன, கூச்சமா?"

அவள் சிரித்து வைத்தாள். காரணத்தைச் சொல்ல அது நல்ல சமயம். சொல்லவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் தன்மேல் அருவருப்பாக இருக்கும் என்பாள்.

டிசம்பரில் காலண்டர் ஊரெல்லாம் போனது. மளிகைக் கடையில், சலூனில், கூடத்தில் ரிப்போர்ட் வாங்கும் ஜன்னலுக்கு மேலே. "நம்ம நர்சம்மா எடுத்தது" என்று பெருமையாக மாட்டியிருந்தார்கள். மூன்றாம் நாள் உமாதேவி கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கொம்பையாவைத் தேடிப் போனாள். மழை பெய்து பயிர் நின்றிருந்தது. செருப்பில் மண் அப்பிக் காலைத் தூக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடைக்கரை வரை நடந்தாள். அவர் ஆடுகளோடு நின்றிருந்தார்.

"தம்பி, அந்தக் காலண்டர்…"

"டீக்கடையில மாட்டியிருக்காவ. பாத்தேன்."

"அந்தப் படம் நீங்க காட்டுன அன்னைக்கு எடுத்தது இல்ல."

"தெரியும். படத்துல குருவி நெழலு அது காலுக்குள்ளயே கெடக்கு. உச்சி வெயில். நாம போனப்ப நெழலு அந்தாக்குல சாஞ்சு கெடந்துச்சு." அவரே கேட்டார். "எம்புட்டு நேரம் இருந்தீங்க?"

"ஒன்னே முக்கா மணி நேரம்."

ஒரு ஆடு பயிர்ப் பக்கம் போனது. அதை விரட்டிவிட்டு வந்தார்.

"நீங்க நாயைச் சொன்னீங்கள்ல, அப்பவே நான் சொல்லியிருக்கணும்," என்றாள்.

"ஆமா. அப்பவே சொல்லியிருக்கணும்."

கோபமாகச் சொல்லவில்லை. அவள் சொன்னதை ஒப்புக்கொண்ட மாதிரிதான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம் போலிருந்தது அவளுக்கு.

"காலண்டரைப் பாத்த அன்னைக்கே நாயைக் கூட்டியாந்துட்டேன். கூப்பிட்டா வருது. கம்பைத் தூக்குனா ஓடிப்போயி அந்தா தூரத்துல நிக்குது. ஆடு மேய்க்கிறவன் கம்பைத் தூக்காம என்ன செய்ய?"

அவ்வளவுதான் பேசினார்கள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வந்தவள் சொல்லாமலே திரும்பினாள். அந்த வார்த்தையைச் சொன்னால் அவர் பதிலுக்கு ஏதாவது சொல்ல வேண்டிவரும். அந்தச் சிரமத்தையும் அவர் தலையில் கட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

வீட்டில் ஹரிகிருஷ்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர், "அன்னைக்கே சொல்லியிருந்தா அண்ணாச்சிகிட்டப் பேசி மாத்தியிருப்பேனே. என்கிட்ட எதுக்கு மறைக்கணும்?" என்று மட்டும் கேட்டார். கூடத்தில் மாட்டியிருந்ததை மட்டும் தானே கழற்றினாள். மற்றவர்கள் வீட்டுச் சுவரில் அது அந்த வருஷம் முழுக்கத் தொங்கியது.

மார்ச்சில் அந்த வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு வானம்பாடிக் கூட்டைப் படம் பிடித்துப் போட்டு, குஞ்சு பொரிக்கும் வரை தினமும் போய் எடுக்கப்போவதாக எழுதினார். உமாதேவி தன் ஆக்காட்டிப் படத்தை மறுபடி போட்டு, அதன் கீழே நடந்ததை முழுவதும் எழுதினாள். முட்டைகள், நாய், ஐம்பத்து மூன்றாவது படம், எல்லாம். ஒரு மணி நேரம் கழித்து ஒருவர், இதையெல்லாம் பெரிதுபடுத்த வேண்டாம் என்று எழுதினார். இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். வானம்பாடிக்காரர் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்று கேட்டார்.

"கூட்டுக்குப் போகாம இருங்க. எவ்வளவு தள்ளி நின்னா சரின்னு எனக்குத் தெரியாது," என்றாள்.

கொம்பையா இப்போதும் மூன்று மாதத்துக்கு ஒருதரம் வருகிறார். அவளிடம்தான் கையை நீட்டுகிறார். சர்க்கரை கூடியிருக்கிறதா, மாத்திரை மாற்ற வேண்டுமா என்று பேசிக்கொள்வார்கள். பறவைகளைப் பற்றி அவர் எதுவும் சொல்வதில்லை. அவளும் கேட்பதில்லை.

கேமராவை அவள் விட்டுவிடவில்லை. விட்டுவிடத்தான் நினைத்தாள். விட்டால் தப்பித்துக்கொண்ட மாதிரி ஆகும் என்று தோன்றியது. கூடத்தில் கேட்டு மாதத்தில் இரண்டு ஞாயிறு விடுப்பு வாங்கிக்கொண்டாள். விடிந்ததும் போய் எட்டு மணிக்குள் திரும்பிவிடுகிறாள். கோடையில் போவதே இல்லை. இந்தக் குளிர்காலத்தில் தரிசு மேல் தாழப் பறக்கும் பூனைப்பருந்துகளைச் சாலையில் நின்றபடியே எடுத்து மகளுக்கு அனுப்பினாள்.

"பருந்து ரொம்பச் சின்னதா விழுந்திருக்கும்மா. கிட்டப் போயிருக்கலாம்ல," என்றாள் முத்துச்செல்வி.

"இருக்கட்டும்ட்டி," என்றாள் உமாதேவி. "அது எங்க இருந்துச்சோ, அங்கனயே இருக்கட்டும்."