மண்ணெண்ணெய்க்குப் பழகின கார்

நின்றுபோன காரைத் திருத்துவது சுகம். தொடங்கினால் நன்றாக ஓடும், ஆனால் தொடங்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் காரைத் திருத்துவதுதான் எங்கள் தொழிலின் ஏழரைச் சனி. அவசரமாக வெளிக்கிடும் நேரத்தில் வாகனம் முனகிவிட்டுப் படுத்துக்கொள்ள, பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்படியானால் நீங்கள் என் கட்சி. தொண்ணூற்றாறுக்குப் பிறகு, சண்டையால் இடம்பெயர்ந்த சனம் தீவுப்பகுதிக்குத் திரும்பி வரத் தொடங்கிய காலத்தில், வேலணை வங்களாவடிச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டிலுக்குள் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

கடைசிச் சொட்டு

சவரியண்ணை கடல்தொழில் செய்தவர். கடலுக்குப் போகக் கடற்படையின் பாஸ், போகிற தூரத்துக்கு எல்லை, திரும்பி வர நேரம் என்று வந்தபின், வெறுத்துப்போய் வள்ளத்தை விற்று ஒரு பழைய ஏ போட்டி (A40) ரகக் காரை வாங்கினார். நயினாதீவிலிருந்து லோஞ்ச் என்ற மோட்டார்ப் படகில் வந்து குறிகட்டுவான் இறங்குதுறையில் இறங்கும் ஆட்களை ஏற்றிப் போவது அவர் பிழைப்பு. அங்கே முறை வைத்துத்தான் ஓட்டம். உங்கள் முறை வரும்போது கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால் அடுத்த கார் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். சவரியண்ணையின் கார் பெரும்பாலும் அடுத்த காருக்குத்தான் உழைத்துக் கொடுத்தது. வீட்டில் மேரியக்காவும் இரண்டு பெண்பிள்ளைகளும். கார் ஓடினால்தான் அடுப்பு எரியும்.

தரைப்பாதை மூடிக் கிடந்ததால் பெற்றோலைக் கண்ணால் காண்பதே அருமையான காலம். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் எஞ்சின் குளிர்ந்திருந்தால் மண்ணெண்ணெய் பற்றாது. ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்து, ஆஸ்பத்திரிச் சேலைன் குழாயால், எண்ணெயும் காற்றும் கலக்கும் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சுட்டபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நிற்பாட்ட முன்னர் திரும்பவும் பெற்றோலில் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். அப்போதுதான் மறுநாள் காலைக்கு உள்ளே பெற்றோல் நிற்கும்.

இந்தக் கடைசிச் சொட்டைத்தான் சவரியண்ணை மிச்சம் பிடித்தார். மண்ணெண்ணெயிலேயே நிற்பாட்டிவிட்டு, காலையில் என்னிடம் ஆள் அனுப்புவார். நான் ஒருநாள் தொண்டை கிழியக் கத்தினேன். அவர் ஆறுதலாகப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டார்: "நிக்கப்போற காருக்கு என்னத்துக்குத் தம்பி பெற்றோல்? ஓடப்போற காருக்கெல்லோ வேணும்!"

பீடத்துப் போத்தல்

கத்தியதற்குப் பலன் இருந்தது. பெற்றோல் போத்தலைப் பத்திரப்படுத்தத் தொடங்கினார். வீட்டில் மிகப் பத்திரமான இடம் எது? மாதா சுருவம், அதுதான் மாதா சிலை, இருக்கும் பீடம். அங்கே கொண்டுபோய் வைத்தார்.

ஒரு காலை, கார் செத்த பிணமாய்க் கிடக்கிறது என்று தகவல் வந்தது. சைக்கிளை மிதித்துப் போனேன். காபரேற்றரைக் கழற்றினால் உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர். "ஆர் அண்ணை இதுக்குள்ள தண்ணி விட்டது?" என்று பாய்ந்தேன். பீடத்தில் அதே அளவு, அதே வடிவில் இன்னொரு போத்தலும் இருந்திருக்கிறது. மணத்தில் பிடித்திருக்கலாமே என்பீர்கள். அந்த நாட்களில் எங்கள் ஊரில் சோறு, சட்டை, பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாமே எண்ணெய் மணக்கும். ஒருவருக்கும் மூக்கு ஒழுங்காக வேலை செய்யவில்லை.

சவரியண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. "தண்ணி எண்டு சொல்லாதையும் தம்பி. அது மடு மாதா கோயில் தீர்த்தம்!" என்றார். அப்போதுதான் மெழுகுதிரி கொளுத்த நெருப்புப்பெட்டியோடு வந்த மேரியக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். "அப்ப நான் விடிய எழும்பி வீடு முழுக்கத் தெளிச்சது என்ன?"

பாலத்தடியில் ஒரு வெடி

எண்ணெய்ச் செலவைக் குறைத்துத் தரும்படி சவரியண்ணை நச்சரித்தார். நானும் மண்டைக்கனத்தில் காபரேற்றர் ஸ்குருவைக் கொஞ்சம் இறுக்கிவிட்டேன். எண்ணெய் குறைந்து காற்றுக் கூடினால் எஞ்சின் இருமும். சில நேரம் பெரிதாகத் தும்மும். அது எங்கே தும்மும் என்று சொல்ல ஏலாது.

ஓட்டம் பார்க்க நானும் ஏறிப்போன அன்று, எங்கள் கார் பாலத்தடிக் கடற்படைக் காவலரணுக்கு நேர் முன்னால் தும்மியது. டமார்! அடையாள அட்டையோடு வரிசையில் நின்ற சனம் குப்புறப் படுத்தது. மணல்மூட்டைக்குப் பின்னால் தொப்பிகள் மறைந்தன. நான் சீற்றுக்குக் கீழே சுருண்டுகொண்டேன். என் உயிர் போனதென்றே நினைத்தேன். கடைசியில் ஒரு கடற்படைப் பையன் துவக்கை நீட்டியபடி வந்து, பொனற்றைத் திறக்கச் சொல்லி, புகைந்துகொண்டிருந்த காபரேற்றரைக் குனிந்து பார்த்தான். பிறகு படுத்திருந்த சனத்தைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த தமிழில் சத்தமாகச் சொன்னான்: "வெடி வச்சது கார். நாங்க இல்ல!"

நல்ல சாப்பாடு

இரண்டாயிரத்து இரண்டில் சண்டை ஓய்ந்து பாதை திறந்தது. பெற்றோல் வந்தது! சும்மா இல்லை, போத்தலில் இல்லை, தாங்கி நிறைய! சவரியண்ணை அன்று பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு சாட்டிக் கடற்கரைக்குப் போய் வந்தார். மறுநாள் கார் எழும்பவில்லை. குழாயும் போத்தலும் தேவையில்லாத காலத்தில் காருக்கு முன்னரைவிட மோசமான வியாதி.

வியாதிக்குக் காரணம் நான்தான். மண்ணெண்ணெய்க்கு ஏற்றபடி எண்ணெய் பாயும் ஜெற்றின் துளையைப் பெரிதாக்கினவன் நான், பற்றவைக்கும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளினவனும் நான். இப்போது அதே துளையால் பெற்றோல் வெள்ளமாகப் பாய்ந்து பிளக்கெல்லாம் நனைந்து கிடந்தது. இதற்கிடையில் துறையில் புதுப்புது வான் வண்டிகள் வந்து சனத்தைக் கூப்பிடத் தொடங்கிவிட்டன. கார்க்காரர் சங்கத்துத் தலைவர் செல்லத்துரையண்ணை கண்டிப்பான மனிதர். நிற்கிற கார் ஒன்றுக்காகச் சனம் வானுக்குப் போனால் எல்லோருக்கும் நட்டம் என்று, ஞாயிற்றுக்கிழமை வரும் முதலாவது லோஞ்சுக்குத் தவணை வைத்தார். ஸ்டார்ட் குமிழை இழுக்கும் ஒரே இழுவையில் கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால் சவரியின் பெயர் முறையிலிருந்து வெட்டப்படும்.

சவரியண்ணை கொட்டிலுக்கு வந்தார். கடலும் போய், இனிக் காரும் போனால் எங்கே போவது? காரைப் பார்த்து அவர் சொன்னதை மறக்கமாட்டேன்: "பட்டினி கிடக்கேக்க ஓடினது தம்பி. நல்ல சாப்பாடு போட்டவுடன படுத்திட்டுது."

தூண்டில் கம்பி

புது ஜெற் கொழும்பிலிருந்து வரவேண்டும். ஞாயிறு அதற்கு முன் வந்துவிடும். பெரிய துளையை எப்படிச் சின்னதாக்குவது? ஈயத்தால் அடைத்து, நடுவில் அளவாக ஒரு வழி விட்டால்? ஈயம் ஒட்டாத மெல்லிய கம்பி ஒன்று வேண்டும். சொல்லி வாய் மூட முன்னர் சவரியண்ணை வீட்டுக்கு ஓடித் தன் பழைய தூண்டில் பெட்டியைத் தூக்கி வந்தார். உள்ளே விதவிதமான தடிப்பில் துருப்பிடிக்காத கம்பிகள்!

துளைக்குள் கம்பியை நிறுத்தி, சுற்றிவர ஈயம் உருக்கி, ஆறியதும் கம்பியை உருவினோம். முதல் கம்பி மெல்லிசு. எஞ்சின் பெற்றோல் போதாமல் இருமியது. அடுத்தது கொஞ்சம் தடிப்பு. பற்றும் நேரத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். ஸ்குருவைக் கால் சுற்று வெளியே, மயிரிழை உள்ளே என்று திருப்பத் திருப்ப, இருமல் நின்று, திணறல் நின்று, எஞ்சின் ஒரே சீராகப் பாடத் தொடங்கியது! நான் ஸ்குரு ட்ரைவரோடு துள்ளினேன். சவரியண்ணை கம்பியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தபடி சொன்னார்: "சுறா இழுத்தே அறாத கம்பி தம்பி. இந்தக் காரை இழுக்காமல் விடுமே?"

முதல் லோஞ்ச்

ஞாயிறு, கோயிலுக்குப் போன சனத்தோடு லோஞ்ச் வந்து கட்டியது. ஐந்து பேர் பைகளையும் பிரசாதத்தையும் காருக்குள் அடுக்கினார்கள். செல்லத்துரையண்ணை கை கட்டி நின்றார். சவரியண்ணை சிலுவை போட்டுக்கொண்டு குமிழை இழுத்தார். ஒரே இழுவை! எஞ்சின் பாடியது!

ஆனால் எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம். மண்ணெண்ணெய்க் காலத்திலிருந்து, பைகளைக் காருக்குள் வைத்ததும் ஏறமாட்டார்கள். நேரே பின்னால் போய்த் தள்ளுவதற்குத் தயாராக நிற்பார்கள். ஐந்து பேரும் பின்னால் நின்றார்கள். சவரியண்ணையோ எஞ்சின் சத்தம் கேட்ட சந்தோசத்தில் "மாதாவே!" என்று கத்திக்கொண்டு காரை விட்டார். தள்ளக் கை நீட்டியவர்கள் காற்றைத் தள்ளினார்கள். நான் பின்னால் ஓடினேன். கார் கண்ணுக்கு மறைந்தது.

வான்காரர் ஓடிவந்து ஐந்து பேரையும் கூப்பிட்டார்கள். பைகள் காருக்குள் இருக்க எப்படிப் போவது? ஒருவரும் அசையவில்லை. வெறும் சீற்றுகளைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் சவரியண்ணைக்கு விசயம் விளங்கி, காரைத் திருப்பிக்கொண்டு வந்தார். எஞ்சினை நிற்பாட்டாமலே இறங்கி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. செல்லத்துரையண்ணை எஞ்சினைக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். அவர் மீசைக்குள் ஒரு சிரிப்பு அசைந்தது. "கார் ஸ்ராட் ஆகவேணும் எண்டுதான் சவரி சொன்னனான், சனத்தை விட்டிட்டுப் போகச் சொல்லேல்லை. ஏத்து, ஏத்து. உன்ர முறை உனக்குத்தான்!"

ஸ்டார்ட் ஆகாத காருக்கு என்னிடம் நூறு வைத்தியம் இருக்கிறது. ஸ்டார்ட் ஆகிவிட்ட சந்தோசத்தில் ஓடுகிற மனுசனை நிற்பாட்டத்தான் இன்றுவரை ஒரு ஸ்குருவும் அகப்படவில்லை.