சம்பந்தியின் மான் பர்மிட்

என் சம்பந்தி மான் சுடுகிறவர் என்பது அரியலூர் போகும் வழியில், காருக்குள் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது.

மகள் அமெரிக்காவில் வேலை பார்த்த இடத்திலேயே ஒரு வெள்ளைக்காரப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். இந்தக் கோடையில் பேரனுக்குச் செட்டிகுளம் மலைக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்த வந்தாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. அவருடைய அப்பாதான் கூட வந்திருந்தார். மனைவியை இழந்தவர், ஸ்கூல் பஸ் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம். எங்கள் வீட்டு நிலைப்படியில் முதல் நாளே இரண்டு முறை தலையை இடித்துக்கொண்டு, இரண்டு முறையும் நிலைப்படியிடமே மன்னிப்புக் கேட்டார். இப்படிப்பட்ட மனுஷர் துப்பாக்கி தூக்குவார் என்று யார் நினைப்பார்கள்?

நான் அரியலூரைத் தாண்டிச் செந்துறைப் பக்கம் பிறந்தவள். அங்கே என் அண்ணன் வீட்டில் விருந்து. என் வீட்டுக்காரர் வண்டி ஓட்டினார். வழியில் மான் படம் போட்ட மஞ்சள் போர்டைப் பார்த்ததும் சம்பந்தி வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தார்.

"போர்டையா போட்டோ எடுக்கறாரு? நம்ம பக்கம் மானு ஆடு மாதிரி திரியுதுன்னு சொல்லும்மா" என்றார் வீட்டுக்காரர். பெரம்பலூரில் எங்களுக்கு உரக்கடை. வருகிறவர்களில் பாதிப் பேர், மக்காச்சோளத்தை மான் மேய்ந்துவிட்டது என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள்.

மகள் அதைச் சொன்னாள். அவர் ஏதோ பதில் சொன்னார். அவள் முன் சீட்டுப் பக்கம் குனிந்தாள்.

"அம்மா, பதறாத. மாமா அங்க வருசா வருசம் மான் வேட்டைக்குப் போவாரு."

திரும்பிப் பார்த்தேன். பின் சீட்டில் என் பேரனை மடியில் தூங்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊரில் மான் மேல் கை வைத்தால் ஜெயில். தோட்டத்தில் மான் செத்துக் கிடந்தால்கூட, பக்கத்தில் போகவே பயப்படுவோம்.

"போலீஸ் புடிக்காதாடி?"

"கவர்மென்ட்டே பர்மிட் குடுக்கும்மா. அங்க மான் அவ்வளவு பெருகிப் போச்சு. ஆனா போன வருசம் மாமா போகல. ஃபீஸ் கட்டுப்படியாகலன்னு விட்டுட்டாரு."

எவ்வளவு என்று வீட்டுக்காரர் கேட்டார். மகள் டாலரில் சொன்னதை அவர் மனசுக்குள் ரூபாயாக்கி, பிறகு வழக்கம்போல மூட்டையாக்கினார். நாற்பது மூட்டை டி.ஏ.பி. உரம் வாங்கலாம். ஒரு மானுக்கு. அதுவும் கிடைத்தால்தான். கிடைக்காவிட்டால் கட்டின பணம் போனதுதான்.

அது இருக்கட்டும். சம்பந்தியின் அண்ணன் அதே மானுக்குக் கட்டுவது இரண்டு மூட்டை விலை என்று மகள் சொன்னபோதுதான் வீட்டுக்காரர் வண்டியை ஓரம் கட்டினார்.

"அதெப்படி? ஒரே வூட்டுப் புள்ளைங்கதான?"

"பெரிய மாமா அவங்க பொறந்த ஸ்டேட்லயே இருக்காருப்பா. அவங்க அப்பா நெலத்தை அவருதான் பாத்துக்கறாரு. மாமா எங்ககூட வந்துட்டாருல்ல, இப்ப வெளி ஸ்டேட் ஆளு. வெளி ஆளுக்கு வருசா வருசம் ஏத்திக்கிட்டே இருக்காங்க."

"பொறந்த ஊருலயா வெளி ஆளு?" என்று கேட்டேன். அவள் அதை அவரிடம் சொல்ல, அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

எனக்கு மனசு ஆறவில்லை. என் ஊர் பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தது, அரியலூர் என்று பிரித்தார்கள், திரும்பச் சேர்த்தார்கள், மறுபடியும் பிரித்தார்கள். ஒவ்வொரு தடவையும் நான் பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். எல்லையில் யாரும் என்னை நிறுத்தி, நீ வெளி மாவட்டத்துக்காரி, அண்ணன் வீட்டில் சாப்பிடக் கூடுதலாகக் கட்டு என்று கேட்கவில்லை. அன்றைக்கு விருந்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை. மான் சுடுகிறவர் என்ற அதிர்ச்சியா, அவரை வெளி ஆளாக்கிவிட்டார்களே என்ற அதிர்ச்சியா, எது பெரியது என்று தெரியவில்லை.

வீட்டுக்காரருக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. மறுநாள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் "எங்க சம்பந்தி பெரிய வேட்டைக்காரரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

காது குத்து முடிந்து இரண்டொரு நாளில் ஒரு வாடிக்கைக்காரர் போன் செய்தார். காட்டை ஒட்டி வெங்காயம் போடுகிறவர். நாய்கள் துரத்தி ஒரு புள்ளிமான் அவர் கிணற்றில் விழுந்துவிட்டதாம். ஃபயர் சர்வீசுக்குச் சொல்லிவிட்டார். நீளமான கயிறு இருந்தால் கொண்டு வரச் சொன்னார். சம்பந்தியும் கிளம்பினார். பேரனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நானும் மகளும் ஏறிக்கொண்டோம்.

கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. அடியில் முழங்கால் அளவுத் தண்ணீர். மான் ஒரு பாறையில் ஒண்டி நின்றுகொண்டிருந்தது. ஃபயர் சர்வீஸ் ஆள் ஒருவர் இறங்கி அதன் வயிற்றில் கயிறு கட்ட, மேலே இருந்தவர்களோடு சேர்ந்து சம்பந்தியும் இழுத்தார். மான் மேலே வந்ததும் கால்களை உதைத்து மறுபடி கிணற்றுப் பக்கமே துள்ளியது. அவர் பாய்ந்து அதைத் தன்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

உடம்பில் பெரிய காயம் இல்லை. பிழைத்துக்கொண்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவர் கையிலிருந்த மான் இரண்டு தரம் வேகமாக மூச்சு வாங்கியது. பிறகு கழுத்து தொங்கிவிட்டது.

மானுக்குப் பயத்திலேயே நெஞ்சு நின்றுவிடும் என்று ஃபயர் சர்வீஸ்காரர்தான் சொன்னார். எத்தனையோ மான்களைச் சுட்ட மனுஷர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். உயிரோடு ஒன்றைத் தொட்டது இதுதான் முதல் தடவை என்று மகளிடம் சொன்னாராம்.

அதற்குள் ஃபாரஸ்டர் வந்தார். வெங்காயக்காரருக்குப் பயம், கேஸ் தன் மேல் வந்துவிடுமோ என்று. பதற்றத்தில் வாய் தவறிவிட்டது.

"சார், நான் ஒண்ணும் பண்ணல. இந்தா இவருதான் புடிச்சிருந்தாரு. வேட்டைக்காரருன்னு உரக்கடைக்காரரே சொன்னாருங்க."

ஃபாரஸ்டர் சம்பந்தியின் மடியில் கிடந்த மானையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேட்டைக்காரரா? எந்த ஊரு?"

வீட்டுக்காரர் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். மகள்தான் முன்னால் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அமெரிக்கா, பர்மிட், அண்ணன், வெளி ஸ்டேட் ஃபீஸ் எல்லாம். ஃபயர் சர்வீஸ் ஆட்களும், அவர் கயிறு இழுத்ததைச் சொன்னார்கள். ஃபாரஸ்டர் நாயின் கால் தடங்களைப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், பிறகு சம்பந்தி பக்கம் திரும்பினார்.

"சொந்த ஊர்ல, சொந்த அப்பா நெலத்துல, அவ்வளவு காசா கேக்கறாங்க?"

"ஆமா சார்" என்றாள் மகள்.

"இங்க கோடி ரூவா கட்டுனாலும் கெடையாதுன்னு சொல்லுங்கம்மா" என்றவர், வெங்காயக்காரரிடம், "கேஸெல்லாம் இல்ல. கெணத்துக்கு மொதல்ல வேலி போடுங்க" என்றார்.

கால்நடை டாக்டர் பரிசோதித்த பிறகு சட்டப்படி மானை எரித்துவிடுவார்கள் என்று மகள் சொன்னபோது, இந்தத் தடவை அதிர்ச்சி சம்பந்திக்கு. முழு மானையும் நெருப்பில் போடுவதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர்கள் வீட்டில் ஒரு மானின் கறி குளிர்காலம் முழுக்க வருமாம். எலும்பைக்கூட வீணாக்க மாட்டார்களாம். மானை ஏற்றிக்கொண்டு ஃபாரஸ்டரின் ஜீப் போன பிறகும் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் ஊருக்குத் திரும்பி மாதங்களாகிவிட்டன. ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் மகள் போனில் பேசினாள். வெளி ஸ்டேட் ஃபீஸை இந்த வருஷமும் ஏற்றிவிட்டார்களாம்.

"மாமா கட்டலம்மா. ஆனா ஊருக்குப் போயிருக்காரு."

"பர்மிட் இல்லாம போயி என்ன பண்ணுவாரு?"

"துப்பாக்கி எடுத்துட்டுப் போகல. பெரிய மாமா சுடுவாராம், இவரு பக்கத்துல சும்மா உக்காந்திருப்பாராம்."

வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். போனை என் கையிலிருந்து வாங்கி, "பக்கத்துல உக்கார்றதுக்கு ஃபீஸ் ஏதும் கேக்கலையே?" என்றார்.